புளி, திராட்சை, நாயின் சிறுநீரகம்

மைதா, உப்பு, எண்ணெய், கூடவே 'க்ரீம் ஆஃப் டார்ட்டர்' என்ற வெள்ளைப் பொடி. அமெரிக்க வீடுகளில் குழந்தைகள் உருட்டி விளையாட இப்படித்தான் ஒரு மாவு பிசைவார்கள். அப்படிப் பிசைந்து வைத்ததை ஒரு நாய் விழுங்கிவிட்டது. இந்த மாவில் உப்பு ஏராளம் என்பதால் மருத்துவர்கள் வழக்கமாகப் பயப்படுவது உப்புக்குத்தான். ஆனால் அந்த நாய்க்குக் கெட்டுப்போனது சிறுநீரகம். அதுவும் திராட்சை தின்ற நாய்களுக்குக் கெடுகிற அதே விதத்தில்.

உலர் திராட்சை தின்ற நாய்கள் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், இரண்டு மூன்று நாளில் சிறுநீரே வராமல் போகும். இதைக் கால்நடை மருத்துவர்கள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கவனித்துவிட்டார்கள். காரணம்தான் பிடிபடவில்லை. பூச்சி மருந்தா, பூஞ்சையா, கன உலோகமா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்துக் கைவிட்டார்கள். ஒரு நாய் கொத்துத் திராட்சையைத் தின்றுவிட்டுச் சும்மா திரியும், இன்னொன்று ஒரு கைப்பிடியில் விழுந்துவிடும். இந்த முரண்பாடு வேறு குழப்பியது.

விளையாட்டு மாவு அந்த முடிச்சை அவிழ்த்தது. க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்பது ஒயின் தயாரிக்கும்போது பீப்பாயில் படிகிற ஒரு வகை உப்பு (சமையல் உப்பு அல்ல), அதாவது திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் வடிவம். அமெரிக்காவில் உள்ள ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பின் நச்சு மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் இரண்டையும் இணைத்துப் பார்த்து, குற்றவாளி இந்த அமிலமாகத்தான் இருக்க வேண்டும் என்று 2021-ல் எழுதினார்கள். திராட்சையின் ரகம், பழுத்த பக்குவம், விளைந்த மண் ஆகியவற்றைப் பொறுத்து அமிலத்தின் அளவு மாறும். ஒரு நாய் தப்பி இன்னொன்று விழுவதற்கும் இது ஓரளவு விளக்கம் தருகிறது. பழங்களில் ஆப்பிளுக்கு மாலிக் அமிலம், எலுமிச்சைக்குச் சிட்ரிக் அமிலம் என்று இருக்க, டார்டாரிக் அமிலத்தை இவ்வளவு சேர்த்து வைப்பவை வெகு சில. திராட்சை ஒன்று. இன்னொன்று நம்முடைய புளி.

புளியின் சதையில் இந்த அமிலம் நூறு கிராமுக்குச் சுமார் பத்து கிராம், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். 2022-ல் அதே குழுவினர் வெளியிட்ட அடுத்த கட்டுரையில், க்ரீம் ஆஃப் டார்ட்டர் தின்ற நாய்களோடு புளியம்பழம் தின்ற நாய்களும் இடம்பெற்றன. சிறுநீரகச் சேதம் ஒரே மாதிரி இருந்தது.

சரி, மூன்று வேளையும் புளிக்குழம்பு, ரசம் என்று சாப்பிடுகிற நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? இதற்கான பதில் 2023-ல் வெளிவந்த ஒரு சோதனையில் கிடைத்தது. 1958-ல் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். (மனிதர்களுக்கான ஃப்ளூ தடுப்பூசி ஒன்றுகூட இந்தச் செல்களில் வளர்த்த வைரஸிலிருந்துதான் தயாராகிறது.) அந்தச் செல்கள் மேல் டார்டாரிக் அமிலத்தை விட்டபோது அவை செத்தன. மனிதச் சிறுநீரகச் செல்கள் அசையவில்லை.

வித்தியாசம் கடத்துப் புரதங்களில் இருக்கிறது. சிறுநீரகச் செல் இரண்டு வாசல் வைத்த வீடு போன்றது. ரத்தத்தின் பக்கமுள்ள வாசல் வழியாக அமிலம் உள்ளே வரும், சிறுநீர் ஓடும் பக்கத்து வாசல் வழியாக வெளியேறும். மனிதர்களிடம் அந்தக் கொல்லை வாசலாக வேலை செய்கிற ஓ.ஏ.டி.-4 என்ற புரதம் நாய்களிடம் இல்லை. உள்ளே வந்த அமிலம் வெளியேற வழியில்லாமல் செல்லுக்குள்ளேயே சேர்கிறது. ஆய்வாளர்கள் முன்வாசலை மருந்து கொடுத்து அடைத்தபோது செல்கள் பிழைத்தன. மனிதப் புரதத்தை நாய்ச் செல்லுக்குள் புகுத்தியபோதும் பிழைத்தன. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நடந்த சோதனைதான், முழு நாயில் அல்ல. ஆனாலும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற விளக்கம் வேறில்லை.

ஆகவே புளி மிட்டாய், கெட்டியான புளிக்காய்ச்சல், பாயசத்திலும் கேசரியிலும் மிக்சரிலும் கிடக்கிற கிஸ்மிஸ் ஆகியவை நாய்க்கு எட்டக்கூடாது. திராட்சை காயும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, அமிலம் அப்படியே தங்குகிறது. அதனால் பழத்தைவிடக் கிஸ்மிஸ் எடைக்கு எடை கடுமையானது. எத்தனை தின்றால் ஆபத்து என்று எண்ணிச் சொல்ல முடியாது என்பதால், ஒன்றுமே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

மற்ற தீனிகளில் முறுக்கு, தட்டை, பொரி எல்லாம் மாவுச்சத்து. நாய் மாமிசம் தின்னும் பிராணி, அரிசி அதற்கு ஆகாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது சரியல்ல. 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஓநாய், நாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருந்தது, நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை இருந்தது. மனிதன் சோற்றைத் தின்னத் தொடங்கியபோது நாயும் கூடவே கற்றுக்கொண்டிருக்கிறது. டீக்கடைப் பொறையைத் தின்று வாழும் நாய்க்கு அந்தப் பொறை விஷமல்ல. சத்தில்லாத தீனி, அவ்வளவுதான். எண்ணெயில் பொரித்த பண்டம் மிதமிஞ்சினால் கணையம் வீங்கலாம். வீட்டில் வளர்கிற குண்டு நாய்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

சிப்ஸின் உப்பைப் பற்றிய பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ உடல் எடைக்கு இரண்டு, மூன்று கிராம் உப்பு போனால்தான் நஞ்சின் அறிகுறிகள் வரும். பத்து கிலோ நாய்க்கு அது இருபது கிராமுக்குக் குறையாது. நூறு கிராம் சிப்ஸில் இருப்பது ஒன்றிரண்டு கிராம்தான். குடிக்கத் தண்ணீர் இருந்தால் ஒரு துண்டு சிப்ஸால் ஒன்றும் ஆகிவிடாது.

வெங்காய பக்கோடா அப்படியல்ல. வெங்காயம், பூண்டு இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினைச் சிதைத்து, அணுக்களை உடைக்கின்றன. வறுத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் குணம் மாறாது. வம்பு என்னவென்றால் சோகை உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும். அதற்குள் பக்கோடா தின்றதையே வீட்டில் மறந்திருப்பார்கள்.

சாக்லேட்டில் இருப்பது தியோப்ரோமின், காஃபினின் நெருங்கிய சொந்தம். மனித உடலில் அதில் பாதி கழிய ஏழெட்டு மணி நேரம் போதும். நாய்க்கு ஏறக்குறைய பதினேழரை மணி நேரம் ஆகும். ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராமில் வாந்தியும் படபடப்பும் தொடங்கும், 40-50ல் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60ல் வலிப்பு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம், டார்க் சாக்லேட்டில் சுமார் 5. ஐந்து கிலோ பொமரேனியன் 50 கிராம் பால் சாக்லேட் தின்றால் 20-ஐத் தொடும். அதே அளவு டார்க் சாக்லேட் என்றால் 50. இனிப்புக் குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. கேக் செய்ய வாங்கி வைத்த கோகோ பவுடர்தான் எல்லாவற்றிலும் மோசம்.

எனக்கு மிகவும் பயமூட்டுவது சர்க்கரையில்லாத சூயிங் கம். அதில் பல வகைகளில் இனிப்புக்குச் சைலிட்டால் சேர்ப்பார்கள். மனிதக் கணையம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. நாயின் கணையம் சர்க்கரை வந்துவிட்டது என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டும், ரத்தச் சர்க்கரை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் சரியும். கிலோவுக்கு 0.1 கிராமே இதற்குப் போதும், 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் கெடலாம். சில பீநட் பட்டர் பாட்டில்களிலும் இது இருப்பதுண்டு. உறையில் 967 என்ற எண் இருந்தாலும் சைலிட்டால்தான்.

இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் வீட்டில் உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அந்த உப்பே மேலே சொன்ன அளவைத் தாண்டிவிடலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கால்நடை மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பதும், சிறுநீரகத்தைக் காக்க டிரிப்ஸ் ஏற்றுவதும் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாகப் பலிக்கும். போகும்போது கிழிந்த பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன தின்றது, எவ்வளவு தின்றது, நாயின் எடை என்ன என்ற மூன்றும் தெரிந்தால் டாக்டர் உடனே கணக்குப் போட்டுவிடுவார்.