அடைப்பது சளி மட்டுமல்ல

மூக்கின் பின்வாசல் இரண்டு பக்கமும் எலும்பாலோ சவ்வாலோ மூடிய நிலையில் அரிதாகச் சில குழந்தைகள் பிறப்பதுண்டு. அந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் விநோதமானது. குழந்தை அமைதியாக இருக்கும்போது நீலம் பாரிக்கும். வீறிட்டு அழும்போது சிவந்துவிடும். அழ வேண்டுமானால் வாயைத் திறந்தாக வேண்டும், திறந்த வாய் வழியே காற்றும் போய்விடுகிறது. அழுகை ஓய்ந்து வாய் மூடியதும் மறுபடி நீலம். மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவது நமக்கு யோசிக்காமலே வரும் காரியம். பிறந்த சில மாதங்கள் வரை குழந்தைக்கு அது அவ்வளவு எளிதில் வருவதில்லை.

சாதாரண ஜலதோஷத்தில் மூக்கு அந்த அளவுக்கு அடைத்துக்கொள்ளாது. ஆனாலும் நமக்கு வெறும் தொந்தரவாக இருக்கிற மூக்கடைப்பு, ஒரு மாதக் குழந்தையை ஏன் அப்படிப் படுத்துகிறது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

கைக்குழந்தையின் குரல்வளை நம்முடையதைவிட மேலே அமைந்திருக்கிறது. குரல்வளையின் வாசலில் உள்ள மடல் போன்ற மூடி ஏறக்குறைய மெல்லண்ணத்தை, அதாவது வாய்க்கூரையின் பின்பகுதியை, தொடும் உயரத்தில் நிற்கிறது. அதனால் மூக்கிலிருந்து மூச்சுக்குழாய்க்குக் காற்று நேராக இறங்கும்; பால் அதன் இரு ஓரமாக வழிந்து உணவுக்குழாய்க்குப் போகும். விழுங்கும் கணத்தில் மட்டும் மூச்சு நின்று, உடனே மூக்கு வழியே தொடரும். உறிஞ்சு, விழுங்கு, மூச்சு விடு என்ற இந்தச் சுழற்சி ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை நடக்கிறது. நாலு முதல் ஆறு மாதத்துக்குள் குரல்வளை கீழே இறங்கத் தொடங்கி, வாய்மூச்சும் பழக்கமாகிறது. அதுவரை வாய் பாலுக்கு, மூக்கு காற்றுக்கு. மூக்கு அடைத்தால் நாலு மடக்கு குடித்துவிட்டு மார்பை விட்டு விலகி அழுவதும், மறுபடி பிடிப்பதும், மறுபடி விலகுவதும் இதனால்தான். குழந்தைக்குப் பசி இருக்கிறது, மூச்சுதான் இல்லை.

இதோடு ஒரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒரு குழாயின் ஆரம் பாதியானால், அதில் சீராக ஓடும் காற்றுக்கான தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு கூடும். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயின் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் தடை மூன்று மடங்கு ஆகும். 4 மில்லிமீட்டர் குழாயில் அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் என்றால் 16 மடங்கு. நிஜ மூக்கு இப்படி வழுவழுப்பான குழாய் அல்ல, உள்ளே காற்று சுழித்துத்தான் ஓடும். ஆனால் சிறிய மூக்குக்குச் சிறிய வீக்கமே பெரிய பாதகம் என்பதை விளக்க இந்தக் கணக்கு போதும்.

வீக்கம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். மூக்கடைப்பு என்றதும் உள்ளே சளி நிரம்பியிருப்பதாகவே எல்லோரும் நினைக்கிறோம். பாதி உண்மைதான் அது. மூக்கின் பக்கச் சுவர்களில் மடல்கள் போன்ற எலும்பு மேடுகள் உண்டு. அவற்றைப் போர்த்தியிருக்கும் சதை ரத்தத்தை உறிஞ்சி உப்பக்கூடிய பஞ்சு மாதிரி. வைரஸ் நுழைந்ததும் உடல் வெளியிடும் வேதிப்பொருள்கள் அங்குள்ள நாளங்களை விரிக்கின்றன. ரத்தம் தேங்குகிறது, திரவம் கசிகிறது, வழி சுருங்குகிறது. சளிக்கு முதன்மைக் காரணமான ரைனோ வைரஸ் மூக்கின் உட்தோலை அதிகம் சிதைப்பதில்லை. நாம் படும் பாடு பெரும்பாலும் நம் உடலின் எதிர்ப்பு வேலையால் வருவதே. படுத்தால் தலைப்பக்கம் ரத்தத் தேக்கம் கூடுவதால் இரவில் அடைப்பும் கூடுகிறது. எவ்வளவு உறிஞ்சி எடுத்தாலும் மூக்கு முழுதாகத் திறக்காததற்கும் காரணம் இந்த வீக்கம்தான், பெற்றோரின் கைக்குறை அல்ல.

அப்படியானால் என்னதான் செய்வது? சளியைத் தீர்க்கும் முயற்சியை விட்டுவிட்டு, அடுத்த பாலுக்கான வழியை மட்டும் பார்ப்பது என் கணக்கில் புத்திசாலித்தனம். அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புநீர்ச் சொட்டு போதும். உடல் திரவத்தின் உப்பளவும் அதுதான் என்பதால் எரியாது. வெறும் தண்ணீர் எரியும். பால் கொடுப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுக்கவும். காய்ந்து ஒட்டியிருக்கும் சளி இளகும். சில குழந்தைகள் தும்மியே வேலையை முடித்துவிடும். முடிக்காவிட்டால் ரப்பர் உறிஞ்சியை முதலில் அமுக்கிப் பிடித்து, அமுக்கியபடியே நுனியைத் துளையின் வாசலில் வைத்து, மெல்ல விடவேண்டும். உள்ளே வைத்து அமுக்கினால் சளி பின்னுக்குத்தான் போகும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சாதீர்கள். உரசலே வீக்கத்தைக் கூட்டும். பால் குடித்த பின் செய்தால் வாந்திதான் மிஞ்சும்.

உப்புநீருக்கு இன்னொரு பலனும் இருக்கலாம். 2024இல் வியன்னாவில் நடந்த ஐரோப்பிய சுவாசவியல் மாநாட்டில் எடின்பரோ ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவைச் சொன்னார்கள். ஆறு வயது வரையுள்ள 400க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சேர்த்த சோதனை அது. 2.6 சதவீத உப்புநீர்ச் சொட்டு விட்டவர்களுக்குச் சளி சராசரியாக 6 நாளில் தீர்ந்தது, மற்றவர்களுக்கு 8 நாள் ஆனது. உப்பிலுள்ள குளோரைடைக் கொண்டு மூக்கின் செல்கள் வைரஸை அடக்கும் ஓர் அமிலத்தைத் தயாரிக்கின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். இதைப் படித்துவிட்டு வீட்டில் உப்பை அள்ளிப் போட்டுக் கரைக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு 0.9 போதும்.

தைலத்தின் கதை வேறு. அதிலுள்ள மென்தால் மூக்கில் பட்டால் காற்று தாராளமாகப் போவதாகத் தோன்றும். அளந்து பார்த்தால் வழி துளியும் அகலமாகியிருக்காது. குளிர்ச்சியை உணரும் நரம்பு ஏற்பிகளை அது தூண்டுகிறது, குளிர்ந்த காற்று போகிறது என்று மூளை நம்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு அந்த ஏமாற்றில் ஓர் ஆறுதல் உண்டு. ஆனால் பச்சிளம் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனால் அனிச்சையாக மூச்சே நின்றுபோகலாம். கற்பூரம் சேர்ந்த தைலம் இரண்டு வயதுக்குக் கீழே கூடாது. அது வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். ஆவி பிடிப்பதில் சளி இளகுவதைவிட வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

சிரப்புகள் குறித்தும் ஒரு வார்த்தை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008இலேயே இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடையில் வாங்கும் இருமல், சளி மருந்துகளைத் தர வேண்டாம் என்று எச்சரித்தது. 2023இல் அதன் ஆலோசனைக் குழு, வாய்வழி ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஒருமனதாக வாக்களித்தது. பல கூட்டு மருந்துகளில் மூக்கடைப்புக்கென்றே சேர்க்கப்படும் பொருள் அது. பெரியவர்கள் பயன்படுத்தும் வீக்கம் குறைக்கும் சொட்டு மருந்தைக் கைக்குழந்தைக்கு விடுவது ஆபத்து. நமக்கே கூடச் சில நாட்களுக்கு மேல் விட்டால் மருந்தை நிறுத்தியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். தேன் ஒரு வயதுக்குக் கீழே கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சைச் சுரக்கும். ஒரு வயது தாண்டியபின் இருமலுக்கு இதமாகக் கொடுக்கலாம்.

மூன்றாம் நான்காம் நாளில் சளி மஞ்சளாக, பச்சையாக மாறும். உடனே ஆன்டிபயாடிக் கேட்பவர்கள் உண்டு. பச்சை நிறம் பாக்டீரியாவிடமிருந்து வருவதில்லை. கிருமியோடு மோத வந்த வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது. எதிர்ப்புப் படை வந்து சேர்ந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். ரைனோ வைரஸில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால், சிறு குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொன்றும் வாரம் பத்து நாள் என்று கணக்குப் போட்டால், குழந்தை எப்போதும் மூக்கொழுகிக்கொண்டே இருப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது நெஞ்சில் கேட்கும் கர்கர் சத்தம். கை வைத்தால் அதிர்வு கூடத் தெரியும். பெரும்பாலும் அது மூக்கிலும் தொண்டையிலும் பிறக்கும் சத்தம், மெல்லிய நெஞ்சுச் சுவர் வழியே கேட்கிறது. உப்புநீர் விட்டு உறிஞ்சிய பின் சத்தம் மறைந்தாலோ குறைந்தாலோ, பிறப்பிடம் மூக்குதான்.

சத்தத்தைவிட மூச்சின் வேகம் நம்பகமானது. குழந்தை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்றால் அது வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்குவது, மூக்குத் துளைகள் விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, வழக்கமான பாலில் பாதிகூட இறங்காதது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உதடு நீலமானால் அவசர சிகிச்சைக்கு. மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், மற்றபடி குழந்தை நன்றாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஆர்எஸ்வி போன்ற வைரஸ்கள் வெறும் மூக்கொழுகலாகத் தொடங்கி, மூன்று முதல் ஐந்தாம் நாளுக்குள் நுரையீரலின் நுண்குழாய்களைப் பிடித்துக்கொள்ளலாம். முதல் நாள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிய குழந்தையை மறுபடி அழைத்துப்போகத் தயங்க வேண்டியதில்லை.

தவழ்ந்து நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொரு குறிப்பு. ஒரே ஒரு துளையிலிருந்து மட்டும் நாற்றமடிக்கும் சளி நாள்கணக்கில் ஒழுகினால் அது ஜலதோஷமாக இருக்காது. மணியோ பயறோ பஞ்சுத் துணுக்கோ உள்ளே போயிருக்கும். வீட்டில் தோண்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டன் பேட்டரியாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் அந்த மணிநேரமே கிளம்புங்கள், அது மூக்கின் நடுச்சுவரையே அரித்துத் துளைத்துவிடும்.