கையெழுத்துப் போட்டுவிட்டான், அதனால் என்ன?

உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்கில் மாட்டிய பையனின் வீட்டார் என் அலுவலகத்துக்கு வந்தால் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டானாம் வக்கீலம்மா." போன வாரமும் தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தாய்மாமா வந்து இதையேதான் சொன்னார். விசாரணை என்று பையனைக் கூட்டிப்போன பிறகு ஜமாத் பெரியவர், கவுன்சிலர், கட்சிக்காரர் என்று வாசல் வாசலாக அலைந்திருக்கிறார்கள். ரிமாண்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் வக்கீல் ஞாபகம் வந்திருக்கிறது. முன்னாடியே வந்திருக்கலாமே என்றால், "கையெழுத்தே போட்டாச்சு, இனி வக்கீல் வந்து என்ன செய்யப் போறாருன்னு சொன்னாங்க" என்கிறார். யார் சொன்னது? டீக்கடை சொன்னது, யூடியூப் சொன்னது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சில நேரம் கறுப்புக் கோட்டு போட்டவர்களே சொல்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவில் இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-வது பிரிவில் இருக்கிறது. கோழி திருடிய வழக்கானாலும் குண்டு வைத்த வழக்கானாலும் இதே சட்டம்தான். எழுதி வாங்கியவர் ஏட்டய்யாவா, எஸ்.பி.யா, டெல்லியிலிருந்து வந்தவரா என்பதும் கணக்கில்லை. பத்துப் பக்கம் எழுதிப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினாலும் அது சாட்சியம் ஆகாது.

"தீவிரவாத கேஸுக்குத் தனிச் சட்டமாச்சே?" என்பார்கள் அடுத்து. இந்தக் குழப்பம் சும்மா வரவில்லை. 1987-ஆம் ஆண்டுத் தடா சட்டத்தில் 15-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் செல்லும் என்றது அது. 2002-இல் வந்த பொடாவிலும் 32-வது பிரிவு அதையே சொன்னது. தடா 1995-இல் காலாவதியானது. பொடாவை 2004-இல் ரத்து செய்தார்கள். இன்று நடைமுறையில் இருக்கும் உபாவில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. சட்டம் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது, பயம் மட்டும் போகவில்லை.

பயப்பட்டதற்கு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்றது. அந்த வழக்கின் முதுகெலும்பே எஸ்.பி. பதிவு செய்த வாக்குமூலங்கள்தான். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தடா குற்றங்களே நிரூபணமாகவில்லை என்றும் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. குண்டுக்குப் பயன்பட்டதாகச் சொன்ன பேட்டரியைத் தான் வாங்கியது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று, அந்த வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக, வாக்குமூலம் பதிவு செய்த அதிகாரியே 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2022 மே 18. ஸ்டேஷனில் எழுதும் ஒரு தாளில் எந்த வரி இருக்கும், எந்த வரி இருக்காது என்பது பேனா வைத்திருப்பவர் கையில். பொடா காலத்து அக்‌ஷர்தாம் வழக்கிலும் ஆறு பேரை உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் விடுதலை செய்தது. அங்கேயும் நீதிமன்றம் நம்ப மறுத்தது வாக்குமூலங்களைத்தான்.

சரி, செல்லாத தாளுக்கு எதற்கு இவ்வளவு அடி? நல்ல கேள்வி. அதே 23-வது பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பழைய சட்டத்தில் அது 27-வது பிரிவு, 'பழைய 27' என்று எங்கள் வக்கீல்கள் சொல்வார்கள். "குண்டு வைக்கத் திட்டம் போட்டு வாங்கிய பையை இந்தப் பனை மரத்தடியில் புதைத்திருக்கிறேன்" என்று எழுதி, அங்கே தோண்டி, பை கிடைத்தால், "பனை மரத்தடியில் புதைத்திருக்கிறேன்" என்ற துண்டு மட்டும் சாட்சியமாகும். "குண்டு வைக்கத் திட்டம் போட்டு" என்பது ஆகாது. ஆகவே பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவான மகஸர்தான் உண்மையான சண்டைக்களம். எங்கே எடுத்தார்கள், யார் சாட்சி, புதிய சட்டப்படி ஒலி-ஒளிப் பதிவு செய்தார்களா என்று பார்க்க வேண்டும். வீட்டார் வாக்குமூலத்தை நினைத்து அழுதுகொண்டிருக்கும்போது மகஸரை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

உபா கடுமையான சட்டம் இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். போலீஸ் கஸ்டடி 15 நாளுக்குப் பதில் 30 நாள் வரை கேட்கலாம். குற்றப்பத்திரிகைக்கு 90 நாள், அரசு வழக்கறிஞர் அறிக்கை கொடுத்து நீதிமன்றம் ஏற்றால் 180 நாள். 43டி(5) பிரிவால் ஜாமீன் குதிரைக் கொம்பு. 2019-இல் வந்த வட்டாலி தீர்ப்புக்குப் பிறகு ஜாமீன் கட்டத்தில் சாட்சியத்தை ஆழமாக எடை போடவும் விட மாட்டார்கள். விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அரசியல் சாசன நீதிமன்றங்கள் (உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்) ஜாமீன் தரலாம் என்று 2021-இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த மூச்சு. என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) வழக்கு என்றால் எங்கள் இராமநாதபுரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பூந்தமல்லியில் நடக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சேது எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய்வரும் உம்மாக்களுக்கு அந்தத் தூரம் தெரியும்.

இப்போது அடி விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்தோடு கதை முடிந்தது என்று நம்புகிறவன் ரிமாண்டின்போது வாய் திறக்க மாட்டான். அந்தத் தாய்மாமாவின் பையனும் அப்படித்தான். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தது. அது அவன் சட்டையே இல்லையாம், அளவு ஒரு சுற்றுப் பெரிது. மாஜிஸ்திரேட் கேட்டிருக்கிறார், ஏதாவது புகார் இருக்கிறதா என்று. பக்கத்திலேயே கூட்டி வந்த போலீஸ்காரர் நிற்கிறார். "இல்லைங்க ஐயா" என்றிருக்கிறான். ரிமாண்ட் உத்தரவில் 'புகார் எதுவும் இல்லை' என்று ஏறிவிட்டது. ஆறு மாதம் கழித்து நான் எழுந்து நின்று சித்திரவதை என்று சொன்னால் அரசுத் தரப்பு அந்த ஒரு வரியைத்தான் வாசிக்கும். காயமும் அதற்குள் ஆறியிருக்கும்.

அடித்தார்கள் என்று யார் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பொய்யாகச் சொல்கிறவர்களும் உண்டு. உண்மையா பொய்யா என்று பார்ப்பதற்கே முதல் நாள் பதிவு வேண்டும் என்கிறேன். நேர்மையான போலீஸ்காரருக்கும் அதுதான் பாதுகாப்பு.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் ஸ்டேஷனில் அடிபட்ட நிலையில் மருத்துவச் சான்றிதழோடுதான் ரிமாண்ட் செய்து கோவில்பட்டிக் கிளைச்சிறைக்கு அனுப்பினார்கள். இரண்டு பேரும் இறந்தார்கள். அரசு மருத்துவமனை இளம் டாக்டர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: சட்டையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள். அப்புறம் ஒன்று, கையில் மாவுக்கட்டோடு நிற்பவன் படத்துக்குக் கீழே சிரிக்கும் பொம்மை போடுகிறவர்களே, எல்லாரும் எப்படி அதே பாத்ரூமில் வழுக்கி விழுகிறார்கள் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

வீட்டார் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசாரணைக்கு வா என்றால் எழுத்துமூல உத்தரவு கேளுங்கள். கூட்டிப்போன நேரத்தை, வண்டி எண்ணோடு, அந்த நிமிஷமே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைதுக் குறிப்பில் வேறு நேரம் இருக்கும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்ற கணக்கில் அதுதான் வித்தை. தந்தி இருந்த காலத்தில் என் சீனியர்கள் உடனே கலெக்டருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தந்தி அடிப்பார்கள். 2013-இல் தந்தி போய்விட்டது. இப்போது எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மின்னஞ்சல், கூடவே பதிவுத் தபால். தபால் ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உபா வழக்கிலும் இது கட்டாயம் என்று 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டு வாங்குங்கள். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 38-வது பிரிவில் இருக்கிறது. முழு நேரமும் கூடவே உட்கார முடியாது, சந்திக்கலாம். கஸ்டடியில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டு டி.கே. பாசு தீர்ப்பு. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். அடி தாங்காமல் போட்டுவிட்டால், போட்டேன் என்பதையும் ஏன் போட்டேன் என்பதையும் மாஜிஸ்திரேட்டிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். அன்று வாய் வரவில்லையா, சிறையிலிருந்து மனுவாக அனுப்பலாம்.

மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்கும் வாக்குமூலம் வேறு சங்கதி, அது செல்லும். ஆனால் விருப்பமில்லை என்று அங்கே ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி போலீஸ் கஸ்டடிக்கு அனுப்பக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 183-வது பிரிவே சொல்கிறது. பையன்களுக்கு இதுதான் தெரிவதே இல்லை.

ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, என்.ஐ.ஏ. அலுவலகங்களுக்கும் சேர்த்து. நடைமுறையில் கேமரா எப்போதும் ரிப்பேர். அதனால் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி முதல் வாரமே மனுப் போட வேண்டும். மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். காயத்தின் படத்தை வக்கீலிடம் கொடுங்கள், தெரு வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். அந்தக் குழுவில் நீங்கள் ஆத்திரத்தில் போடும் வாய்ஸ் மெசேஜ் அடுத்த குற்றப்பத்திரிகையில் இணைப்பாக வந்து நிற்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று மூன்று நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். இராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமானச் சான்றிதழ் கூடக் கேட்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். இலவசத் தொலைபேசி எண் 15100.