பழைய ராணுவ வரைபடத்தின் உண்மையான வயது

பழைய ராணுவ நிலவரைபடம் ஒன்று கையில் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் முதலில் அச்சிட்ட ஆண்டைத்தான் பார்ப்பார்கள். அதை நம்பக் கூடாது. போர்க்காலத்தில் அவசரமாக அச்சான தாள்கள் பலவும் எப்போதோ அளந்த நிலத்தின் மேல் இடத்தைக் குறிக்க உதவும் ராணுவக் கட்டக் கோடுகளை மட்டும் ஏற்றி வந்தவை. நிலத்தை அளந்த ஆண்டு தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் தனியாக இருக்கும். சேகரிப்பவர் தேட வேண்டியது அந்த ஆண்டைத்தான்.

ஓரம் கிழிந்துபோயிருந்தால் படமே வயதைச் சொல்லும். மதுரைப் பக்கத்தில் இதற்கு நல்ல தடயங்கள் உண்டு. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது; அது படத்தில் இல்லையென்றால் நிலத்தை அளந்தது அதற்கு முன். போடி ரயில் பாதை 1928இல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதன் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, 1950களில் மறுபடி போட்டார்கள். அமெரிக்க ராணுவம் 1950களில் வெளியிட்ட யு502 என்ற வரைபட வரிசைகூட இந்திய சர்வே துறையின் பழைய தாள்களிலிருந்து தொகுத்ததுதான். யு502 தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இந்திய சர்வேயில் மதுரை நகரத்தின் தாள் 58 கே/1. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய படம். யானைமலையும் திருப்பரங்குன்றமும் இதே தாளில் வரும். அழகர்கோவிலைப் பார்க்க, வடக்கே உள்ள அடுத்த தாளுக்குப் போக வேண்டும். இதில் யானைமலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் ஒன்றையொன்று தொடுகிற அளவுக்கு நெருங்கிக் கிடக்கும். கண்மாயில் தண்ணீர் படிப்படியாக வற்றும்போது கரைக் கல்லில் வரிவரியாகத் தடம் விடுமே, அந்த மாதிரிதான் இந்தக் கோடுகளும். ஒரே கோட்டில் உள்ள இடமெல்லாம் ஒரே உயரம். வழக்கமாக ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 50 அடி உயர வித்தியாசம். இரண்டு கோடுகளுக்கு நடுவே தாளில் 1 மில்லிமீட்டர் இருந்தால் தரையில் அது சுமார் 63 மீட்டர். அதற்குள் 15 மீட்டர் ஏறுகிறோம், அதாவது நாலடி நடந்தால் ஓரடி ஏற்றம். பீரங்கியை இழுத்துப் போகிறவனுக்கு வேண்டிய தகவல் இதுதான். அதையே வைகைச் சமவெளியில் தேடினால், கோடுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி இருக்கும்.

இவ்வளவையும் எப்படி அளந்தார்கள்? 1802இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிப்படைக் கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று தெற்கே வந்தார். குன்று இல்லாத ஊரில் கோயில் கோபுரம் கைகொடுத்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் கருவியை மேலே ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள அந்தக் கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் பல வாரம் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே சரிசெய்தார். தாளில் புள்ளி வைத்த சிறு முக்கோணம் தெரிந்தால், அது இப்படி அளந்த இடம்.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. இந்தத் தாள்களின் கணக்கெல்லாம் எவரெஸ்ட் 1830 என்ற பூமி வடிவத்தை வைத்துப் போட்டது. கைப்பேசியின் ஜிபிஎஸ் வைத்திருப்பது வேறு வடிவம். அதனால் மதுரையில் ஒரே இடத்துக்கு இரண்டும் சொல்லும் எண்கள் சுமார் 200 மீட்டர் விலகும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்களில் இன்னும் மோசம். மதராஸ் வானாய்வகத்தின் பழைய நெட்டாங்கு மதிப்பில் கோண அளவில் 2 நிமிடம் 27 வினாடி பிழை இருந்தது. நம் ஊர்ப் பக்கம் அது கிட்டத்தட்ட நாலரை கிலோமீட்டர்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் கண்மாய்கள். மாடக்குளம், வண்டியூர், செல்லூர் என்று மதுரையைச் சுற்றிய நீர்நிலைகளின் பழைய எல்லையைக் காட்ட ஆர்வலர்கள் இந்தத் தாள்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்துகிறார்கள். அவசியமான வேலை. ஆனால் 200 மீட்டர் தள்ளிப்போனால் கண்மாய்க்குள் இருந்த வீடு வெளியே போய்விடும், வெளியே இருந்தது உள்ளே வந்துவிடும். எண்களை அப்படியே நம்பாமல், அன்றிலிருந்து இன்றுவரை நகராத இடங்களை, மலையுச்சி, கோபுரம், கண்மாய்க் கரையின் வளைவு ஆகியவற்றை வைத்துப் பொருத்துங்கள். நீர்ப்பரப்பின் நீல விளிம்பைவிடக் கரை நம்பகமானது. கரைக்கு எதிர்ப்புறம் தரை மெல்ல ஏறுவதால், நிற்கிற தண்ணீரின் அளவைப் பொறுத்து விளிம்பு மாறும். கரையும், உபரி நீர் வழிந்தோடும் கலுங்கும் இருந்த இடத்திலேயே இருக்கும். கலுங்கின் மட்டம் தெரிந்தால், முழுக்கொள்ளளவில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதையும் அங்கிருந்து அளந்துவிடலாம்.