நடுற மரம் இருக்கட்டும், நிக்கிற மரத்தைப் பாத்தீங்களா?

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்துட்டா எந்த ஸ்கூலுக்குப் போனாலும் ஒரு குழி, ஒரு மரக்கன்று, அதைச் சுத்தி இருபது கை, ஒரு போட்டோ. அந்தப் போட்டோவை உத்துப் பாத்தீங்கன்னா பின்னாடி ஒரு வேம்போ புங்கனோ முப்பது நாப்பது வருஷமா நின்னுட்டு இருக்கும். அது இந்த வாரம் என்ன பண்ணிட்டு இருக்குன்னு கேட்டா ஹெச்எம்ல இருந்து அஞ்சாங்கிளாஸ் பசங்க வரைக்கும் யாருக்கும் தெரியாது. நான் கோயம்புத்தூர் சுத்துவட்டாரத்துல ஸ்கூல் பசங்களுக்கு இயற்கைக் கல்வி சொல்லிக் குடுக்குற வேலைல இருக்கேன். எக்கோ கிளப் டீச்சர்ஸ் கேக்குறது எப்பவும் ஒண்ணுதான், "செலவில்லாம வருஷம் பூரா பண்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க மேடம்". நிக்கிற மரத்தைப் பாக்க விடுங்க, பாத்ததை எழுத விடுங்க, அவ்ளோதான் என் பதில்.

ரெண்டு பசங்களுக்கு ஒரு மரம். வாரத்துக்கு ஒரு தடவை, அதே கிழமை, அஞ்சு நிமிஷம். இலைன்னா துளிர் இருக்கா, முத்தின இலை இருக்கா, பழுத்து விழப்போற இலை இருக்கா. பூன்னா மொட்டு, விரிஞ்ச பூ. அப்புறம் காய், பழம். ஒவ்வொண்ணுக்கும் மூணே மூணு பதில், இல்ல, கொஞ்சம், நிறைய. மரத்தோட தலைப்பகுதியை மனசுக்குள்ள மூணு பங்கா பிரிச்சுக்கிட்டு, ஒரு பங்குக்குள்ள அடங்கினா கொஞ்சம், தாண்டினா நிறைய. எண்ணவே வேண்டாம். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லைங்க, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நடத்துற சீசன்வாட்ச்னு ஒரு திட்டம் இருக்கு, இந்தியா முழுக்க பசங்களும் பெரியவங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் மரம் பாத்து எழுதிட்டு இருக்காங்க, அதுல கேரளா ஸ்கூல் பசங்கதான் கில்லாடிங்க.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசிங்க. மேல ஈபி லைன் போகுதான்னு பாருங்க, ஏன்னா மழைக்கு முன்னாடி லைன்மேன் வந்து கிளையை வெட்டிட்டுப் போயிட்டார்னா அடுத்த ரெண்டு மாசம் மரம் காட்டுற துளிர் வெட்டினதுக்கு வந்த துளிர், காலத்துக்கு வந்த துளிர் இல்ல. கை கழுவுற குழாய்த் தண்ணி வேர்ல போய் நிக்கிற மரமும் அப்படித்தான், கோடையில மத்த மரமெல்லாம் காயும்போது அது மட்டும் பச்சையா நிக்கும். அந்த மரத்தை விட்டுடணும்னு சொல்லல, நோட்டோட முதல் பக்கத்துல இதையெல்லாம் எழுதி வெச்சுக்கோங்க. எதிர்க்க தெருவிளக்கு இருக்கா, பக்கத்துல சுவர் இருக்கா, எல்லாமே.

இனிமே சொல்லப்போறதுதான் எனக்கு முக்கியம். பசங்களுக்கு 'இல்ல'ன்னு எழுதப் பிடிக்காது. மூணு வாரம் தொடர்ந்து பூ இல்ல, காய் இல்ல, துளிர் இல்லன்னு எழுதினா ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி முகம் தொங்கிடும், நாலாவது வாரம் பாக்காமயே போன வாரத்தை அப்படியே காப்பி அடிப்பாங்க, இல்ல பக்கத்து மரத்துப் பூவைக் கடன் வாங்கி எழுதிடுவாங்க. ஆனா பூ எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியணும்னா அதுக்கு முந்தின வாரம் 'இல்ல'ன்னு ஒருத்தன் பாத்து எழுதியிருக்கணும், அது இல்லைனா பூத்த தேதிக்கே அர்த்தம் கிடையாது. அதனால இதுக்கு மார்க் போடாதீங்க டீச்சர், தயவுசெஞ்சு. மார்க் வந்த அன்னிக்கே பொய் வந்துடும். அதே மாதிரி 'இல்ல' வேற, 'பாக்கல' வேற. லீவு, காய்ச்சல், மழைன்னு போகாத வாரத்துக்கு 'பாக்கல'ன்னு எழுதச் சொல்லுங்க. காலியா விட்டா பின்னாடி படிக்கிறவங்க அதை 'இல்ல'ன்னு எடுத்துக்குவாங்க.

டீச்சர்களும் ஒரு தொந்தரவு பண்ணுவாங்க. "வேம்பு பங்குனியிலதான்டா பூக்கும், நல்லாப் பாரு"ம்பாங்க. அந்தப் பையன் மாசியிலயே மொட்டைப் பாத்திருப்பான், மிஸ் சொல்லிட்டாங்களேன்னு அழிச்சுட்டு எழுதுவான். போச்சா. முதல்ல எழுதட்டும், விளக்கமெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

விளக்கம்னு வந்தா பாடப்புத்தகத்துல படிச்ச வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்ங்கிற நாலு கட்டத்தைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வைக்கணும். இலையுதிர்காலம் படம் வரைங்கன்னா நம்ம பசங்க ஆரஞ்சுக் கலர்ல ஐஞ்சு முனை இலை வரைவாங்க, அந்த மரத்தை ஒருத்தரும் பாத்ததில்ல! லண்டன்ல கோடையோட நீளமான பகலுக்கும் டிசம்பரோட குட்டிப் பகலுக்கும் கிட்டத்தட்ட எட்டேமுக்கால் மணி நேரம் வித்தியாசம், நம்ம கோயம்புத்தூர்ல அது ஒண்ணேகால் மணி நேரம்தான். அங்க குளிரும் பகல் நீளமும் மரத்தை ஆட்டி வைக்குது, இங்க தண்ணிதான் பெரிய ஆளு. நம்ம ஊர்ல நிறைய மரம் இலை கொட்டுறது தையில இருந்து பங்குனி வரைக்கும், அதாவது மழை நின்னு மண்ணு காய ஆரம்பிச்ச அப்புறம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு ஆறு பிரிச்சு வெச்சவங்க மழைக்கு ஒரு இடமும் பனிக்கு ரெண்டு இடமும் குடுத்தாங்க, பசங்களோட நோட்டு அதுக்குத்தான் கிட்ட வருது.

அப்படியும் மரங்க சொல்பேச்சு கேக்காது. வேம்பு வெயில் ஏறும்போதுதான் செம்பு நிறத்துல துளிர் விடும். புங்கன் அதே சமயம் கண்ணைப் பறிக்கிற இளம்பச்சையில நிக்கும். நாட்டு பாதாம் இலை சிவந்து கொட்டுறது பல இடத்துல வருஷத்துக்கு ரெண்டு தடவை, தமிழ்நாட்டுல சிவப்பா இலை உதிர்ற மரம் வேணும்னா அதைக் காட்டுங்க. ஆனா பசங்களை நிஜமாவே குழப்புறது அரசமரம்தான். கோயில் அரசமரம் மொட்டையா நிக்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறது நிறைய இலையோட பழம் பிடிச்சு நிக்கும். "மிஸ் ரெண்டும் ஒரே மரம்தானே, அவன் தப்பா எழுதியிருக்கான்"னு சண்டையே வந்துடும். யாரும் தப்பா எழுதல. அரசம்பழம்னு நாம சொல்றதுக்குள்ளதான் பூவே இருக்கு, அதுக்கு மகரந்தம் கொண்டு போறது கொசுவை விடச் சின்னதா ஒரு குளவி, அது அந்தக் காய்க்குள்ளயே பிறந்து வெளிய வந்தா ஓரிரு நாள்தான் உயிரோட இருக்கும், அதுக்குள்ள முட்டை வைக்க சரியான பருவத்துல இருக்கிற இன்னொரு அரசமரத்துக் காயைத் தேடிப் போயாகணும். ஊர்ல எல்லா அரசமரமும் ஒரே வாரத்துல காய்ச்சு முடிச்சுட்டா அடுத்த வாரம் பிறக்கிற குளவி எங்க போகும்? அதனால ஒரு மரத்துக்குள்ள எல்லாக் காயும் ஏறக்குறைய ஒண்ணாப் பழுக்கும், மரத்துக்கு மரம் முன்ன பின்ன ஆகும். ஆல், அத்தி, இத்தியெல்லாம் இந்தக் கூட்டம்தான். குக்குறுவானுக்கும் குயிலுக்கும் மைனாவுக்கும் வருஷம் பூரா எங்கயாவது ஒரு மரத்துல பந்தி நடந்துட்டே இருக்கறதும் இதனாலதான். இதை நான் போர்டுல வரைஞ்சு சொன்னப்ப யாரும் கவனிக்கல, ரெண்டு நோட்டையும் பக்கத்துல வெச்சு சண்டை போட்ட அப்புறம் சொன்னேன், பெல் அடிச்சும் எந்திரிக்கல.

மரத்தோட மட்டும் நிக்கணும்னு இல்ல. நோட்டோட கடைசிப் பக்கங்களை 'முதல் தடவை'ன்னு ஒதுக்கிடுங்க. இந்த வருஷம் முதல் குயில் சத்தம் எப்போ, மழைக்கு அப்புறம் முதல் ஈசல் எப்போ, ஐப்பசி நெருங்கும்போது ஆறுமணிக்குருவி முதல்ல எப்ப கூப்பிட்டுச்சு (விடியக்காலையும் பொழுது சாயறப்பவும்தான் கூப்பிடும், அதான் அந்தப் பேரு, இமயமலை அடிவாரத்துப் பக்கம் இருந்து நம்ம ஊருக்குக் குளிர்கால விருந்தாளியா வரும்). எங்க பக்கம் இன்னொரு சிறப்பு பட்டாம்பூச்சி. கோடை மழை சமயத்துல நீலப்புலி வகைகளும் கருப்பு வகைகளும் மேற்குமலையில இருந்து கிழக்குமலைப் பக்கம் கூட்டமாப் போகும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்ன பின்ன திரும்பி வரும், கிரவுண்டுல நின்னு எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்து எழுதினாலே போதும், பேரு தெரியலைனா 'நீலக்கோடு போட்டது'ன்னு எழுதட்டும்.

வீட்டுல பெரியவங்களைக் கேட்டு எழுதிட்டு வரச் சொன்னா அமுச்சி அப்புச்சிங்க சொன்னதுன்னு ஒரு குவியல் வரும், எறும்பு முட்டையைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போனா மழை, தட்டான் தாழப் பறந்தா மழை. மூடநம்பிக்கைன்னு தள்ளவும் வேண்டாம், முன்னோர் விஞ்ஞானம்னு கைதட்டவும் வேண்டாம். தட்டான் தாழப் பறந்த நாளையும், மழை பெஞ்ச நாளையும், தாழப் பறந்தும் மழை பெய்யாத நாளையும் தனித்தனியா குறிச்சுட்டு வந்தா பசங்களே சொல்லிடுவாங்க. இந்த மாதிரி சந்தேகம் நமக்குப் புதுசும் இல்ல. கார்காலத்துல வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போன தலைவன் வரல, கொன்றை பூத்துடுச்சு, தலைவி கலங்குறா, தோழி சொல்றா இது காலம் தவறி வந்த மழை, இந்தக் கொன்றைக்குப் புத்தி இல்ல, கார்னு நினைச்சுப் பூத்துடுச்சுன்னு. சங்கப் பாட்டுல வர்ற இடம் இது. ஆறுதலுக்குச் சொன்ன பொய்தான், ஆனா பூ தேதி தவறும்ங்கறது தெரிஞ்சவங்க சொல்ற பொய்.

இப்பவும் கேரளாவுல கணிக்கொன்றை, அதாவது நம்ம சரக்கொன்றை, ஏப்ரல் நடுவுல வர்ற விஷுவுக்குப் பூக்க வேண்டியது, பிப்ரவரி மார்ச்லயே பூத்துடுதுன்னு பேச்சு இருக்கு. உடனே நம்ம ஸ்கூல்ல ஒரு வருஷ நோட்டை வெச்சுக்கிட்டு 'பருவநிலை மாற்றம் நிரூபணம்'னு சயின்ஸ் எக்ஸிபிஷன்ல சார்ட் ஒட்டுறாங்க பாருங்க, அது எனக்குச் சுத்தமா ஆகாது. ஒரு வருஷம்ங்கறது ஒரு வருஷம், அவ்ளோதான். இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் ராபர்ட் மார்ஷம்னு ஒருத்தர் 1736ல முதல் இலை, முதல் பூ, முதல் தவளைச் சத்தம்னு எழுத ஆரம்பிச்சார், அவர் குடும்பம் 1958 வரைக்கும் தொடர்ந்துச்சு. ஜப்பான்ல கியோட்டோ செர்ரிப் பூவுக்கு 9ஆம் நூற்றாண்டுல இருந்து பழைய டைரிகள்ல குறிப்பு இருக்கு, நடுவுல விடுபட்ட வருஷங்களும் உண்டு, அதை வெச்சுத்தான் 2021 மார்ச் 26ல முழுசாப் பூத்தது அதுவரைக்குமான ஆயிரத்து இருநூறு வருஷப் பதிவுலயே முந்தினதுன்னு சொல்ல முடிஞ்சது.

அதனால நோட்டு யார் கையில இருக்குங்கறது பெரிய விஷயம். எட்டாவது முடிச்சுப் போறவன் நோட்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா எல்லாம் முடிஞ்சது. ஸ்கூல் பேர்ல ஒரு லாங் சைஸ் ரெஜிஸ்டர் போட்டு அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டரோட பீரோவுல வைங்க, மரத்துக்கு நம்பர் குடுத்து மேப் ஒண்ணு வரைஞ்சு அட்டையில ஒட்டுங்க, ஆறாவது பசங்களுக்கு எட்டாவது பசங்களே ஒரு வாரம் கூட நின்னு கைமாத்தி விடட்டும். கோடை லீவுதான் பெரிய ஓட்டை, வேம்பு பூ முடிஞ்சு காய் பிடிக்கறதும் சரக்கொன்றை தொங்கறதும் அப்பதான். ஸ்கூலுக்குப் பக்கத்து வீட்டுப் பசங்க ரெண்டு பேர் கிட்ட ஒப்படைங்க, கேட் பூட்டியிருந்தா காம்பவுண்டுக்கு வெளிய இருந்தே தெரியற மரங்களைப் பாத்தாப் போதும், மிச்சத்துக்கு 'பாக்கல'.

மழை பெஞ்ச மறுவாரம் முருங்கை மரத்துக்கிட்ட போகவிடாதீங்க, கம்பளிப்பூச்சி. கதண்டு, அதாவது கொட்டுற பெரிய குளவி, கூடு கட்டியிருந்தா அந்த மரத்தையே மாத்திடுங்க. இடி மின்னல்னா அன்னிக்கு 'பாக்கல', அவ்ளோதான்.

ஆரம்பிக்க ஜூன்தான் வசதி. ஸ்கூல் திறக்கும்போது வேப்பம்பழம் கீழ உதிர்ந்து கிடக்கும், நாவல் கறுக்க ஆரம்பிச்சிருக்கும், புளி பூத்துட்டு இருக்கும், முதல் வாரத்துலயே 'நிறைய'ன்னு எழுத ஏதாவது கிடைச்சுடும். ஜூன் தாண்டிப் போச்சுன்னா பரவால்ல, இந்தப் புதன்கிழமை ஆரம்பிங்க.