கோஆக்சியல்: இணையச்சா, ஓரச்சா?

அஸ்தம்பட்டியில் மாமா வீட்டு ஹோம் தியேட்டர் ரிசீவரில், படமும் சத்தமும் ஒரே வயரில் வரும் எச்.டி.எம்.ஐ. துளை கிடையாது. அவ்வளவு பழசு, ஆனால் சத்தம் இன்றும் கணீரென்று இருக்கும். அதற்குப் புதிதாக ஒரு டிஸ்க் பிளேயர் வாங்கினோம். அதன் பின்பக்கம் டிஜிட்டல் சத்தத்துக்கான ஆரஞ்சு நிறத் துளை ஒன்று, பக்கத்தில் 'கோஆக்சியல்' என்ற எழுத்து. ரிசீவரிலும் அதே போல் ஒன்று. கடையில் போய் "கோஆக்சியல் வயர் வேணுங்க" என்றேன். "டிஷ்ஷுக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டே கறுப்பு வயரில் மூன்று மீட்டர் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதில் திருகு முனைதான் மாட்ட முடியும். ஆரஞ்சுத் துளைக்குள் போகாது.

கடைக்காரர் மேல் தப்பில்லை. டிஷ் வயரும் கோஆக்சியல்தான். அந்தப் பெயர் வயரின் உள்ளமைப்பைச் சொல்கிறதே தவிர, முனையையோ வேலையையோ சொல்வதில்லை.

"இதுக்குத் தமிழ்ல என்னப்பா?" என்றார் மாமா. மிச்சமிருந்த துண்டை பிளேடால் குறுக்கே நறுக்கிக் காட்டினேன். நடுவில் புள்ளியாகச் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக், அப்புறம் மெல்லிய கம்பி வலை, வெளியே கறுப்புத் தோல். கம்பிக்கும் வலைக்கும் நடு ஒன்றுதான். லத்தீனில் 'கோ' என்றால் கூட, 'ஆக்சிஸ்' என்றால் அச்சு. இரண்டு கடத்திகளும் ஒரே அச்சில் அமைந்திருப்பதால் கோஆக்சியல். இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு 1880-லேயே இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வெளியே இருக்கும் வலை, அக்கம்பக்கத்து மின் இரைச்சல் உள்ளே புகாமல் தடுக்கிறது.

தமிழில் 'இணையச்சு வடம்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இணைகோடு என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஓடி எங்கேயும் சேராத இரண்டு கோடுகள் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? இங்கே இருப்பது ஒரே அச்சு. 'ஓரச்சு வடம்' என்பதே சரி. மாட்டுவண்டி அச்சைப் பார்த்த எவருக்கும் சட்டென்று பிடிபடும். மாமாவும் தலையாட்டினார்.

சரி, வேலை முடிந்ததா? வீட்டில் கிடந்த பழைய டிவிடி வயரின் மஞ்சள் முனையை ஆரஞ்சுத் துளையில் செருகினோம். ஆரஞ்சுத் துளைக்கு வேண்டியது 75 ஓம் (மின்மறிப்பு அளவு) ஓரச்சு வடம். படத்துக்கான அந்த மஞ்சள் வயரும் அதேதான், அதனால் இதற்கும் ஒத்துப்போகும். முதலில் முன்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டும் பேசின. பிளேயர் மெனுவில் டிஜிட்டல் ஆடியோவை பிசிஎம்-இலிருந்து (பிளேயரே பிரித்து அனுப்புவது) பிட்ஸ்ட்ரீமுக்கு (பிரிக்காமல் ரிசீவரிடம் விடுவது) மாற்றியதும் ரிசீவரில் டால்பி விளக்கு எரிந்தது, பின்னால் இருந்த ஸ்பீக்கர்களும் சேர்ந்துகொண்டன. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்ற சரவுண்டு ஒலி வகைகள் இரண்டும் 5.1 வரை (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) இந்த வழியில் வரும். தரம் குறையாத டால்பி ட்ரூஹெச்டி வராது, அதற்கு எச்.டி.எம்.ஐ. வேண்டும்.

கடையில் 'ஓரச்சு வடம்' என்று மட்டும் கேட்டால் இப்போதைக்குப் புரியாது. "டிஜிட்டல் ஆடியோவுக்கு, ரெண்டு பக்கமும் ஏவி பின்" என்று சேர்த்துக் கேளுங்கள்.