கடைசி ஓவரும் படபடக்கும் நெஞ்சும்

தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் சேலம் ஸ்பார்டன்ஸ் அணி, முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் ஆடும் பிளே ஆஃப் சுற்றுக்குள் போகுமா போகாதா என்று இழுபறியாகும் வாரத்தில், கடைத்தெருத் தொலைக்காட்சி முன் நிற்பவரின் கையைப் பார்த்தாலே போதும். ஆசையாக வாங்கிய தட்டுவடை செட் அப்படியே இருக்கும். சட்னியும் பீட்ரூட் துருவலும் ஊறி, வடை நமுத்துப்போயிருக்கும். மனிதருக்குப் பசி இல்லாமல் இல்லை. அவருடைய உடல் செரிமானத்தைத் தள்ளிவைத்துவிட்டது.

பரபரப்பான கட்டத்தில் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பரிவு நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடுகிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, கல்லீரல் சேமித்த சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. துரத்தவோ தப்பியோடவோ உடல் செய்யும் ஆயத்தம் இது. ஓட வேண்டியவர்களோ வாழப்பாடி மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நின்ற இடத்தில் நிற்கும் நம்மவர் நிலை, வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முறுக்குவது போன்றது. அதனால்தான் கை நடுங்குகிறது, கால் தானாகத் தாளம் போடுகிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஐஸ் ஹாக்கி என்றால் உயிர். அங்கே இதயநோய் இல்லாத 20 ரசிகர்களின் நாடித்துடிப்பைப் பதிவுசெய்த ஆய்வு 2017இல் வெளியானது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் துடிப்பு சராசரியாக 75 சதவீதம் கூடியது. அரங்கில் இருந்தவர்களுக்கு 110 சதவீதம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். கோல் வாய்ப்பு உருவான நொடிகளிலும் கூடுதல் நேர ஆட்டத்திலும் துடிப்பு உச்சம் தொட்டது. எனக்கு இதில் பிடித்த செய்தி வேறு: அணியின் மீது ஒருவருக்கு எவ்வளவு வெறி என்பதற்கும் துடிப்பு எவ்வளவு ஏறியது என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. 'நான்தான் பெரிய ரசிகன்' என்று மார்தட்டுபவரும் சும்மா எட்டிப்பார்க்க வந்தவரும் அந்த நொடியில் ஒன்றுதான்.

ஆக, படபடப்பை மூட்டுவது முடிவு தெரியாத நிலை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், குரங்குகளுக்குச் சைகை காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்தார்கள். சாறு கிடைக்க சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான், காத்திருக்கும் நேரத்தில், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்களின் செயல்பாடு மிகவும் ஏறியது. உறுதியாகக் கிடைக்கும், உறுதியாகக் கிடைக்காது என்றபோது அந்த ஏற்றம் இல்லை. லீக் சுற்றில் ஒரு தோல்வியை அடுத்த வெற்றி சரிக்கட்டிவிடும். பட்டியலில் மூன்றாம், நான்காம் இடம் பிடித்த அணிகள் மோதும் எலிமினேட்டரில் தோற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் இரண்டு இடத்தார் மோதும் முதல் குவாலிஃபயரில் தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. நாடித்துடிப்பைப் பார்த்தால், ரசிகரை அதிகம் வாட்டுவது எலிமினேட்டராகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

வென்றால் அது நம் வெற்றியாகிவிடுகிறது. 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பார்த்த பிரேசில் ரசிகர்களின் உமிழ்நீரில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உயர்ந்தது, தோற்ற இத்தாலி ரசிகர்களுக்குக் குறைந்தது. இவர்கள் யாரும் பந்தைத் தொடவில்லை! 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு ஆடிவிட்டுத் திரும்பிய வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைச் சாரட்டு வண்டியில் வரவேற்றபோது, அவருடைய ஊரான சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டி முழுவதுமே விக்கெட் எடுத்த மிதப்பில் இருந்ததை நாம் பார்த்தோமே.

எல்லா இதயமும் இந்த வேகத்தைத் தாங்காது. 2006இல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தபோது, ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதயப் பாதிப்புக்கான அவசர அழைப்புகள் வழக்கத்தைப் போல் 2.66 மடங்கு இருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக்குழாய் அடைப்பு இருப்பது முன்பே தெரியும். எனவே ஸ்டென்ட் வைத்தவரும் பைபாஸ் செய்துகொண்டவரும் ஆட்ட நாளில் மாத்திரையைத் தவறவிடக் கூடாது. நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், சூப்பர் ஓவர் முடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.