அணு: சொல்லும் பொருளும்

ஒரு தனிமத்தின் வேதிப் பண்பு மாறாமல் எஞ்சி நிற்கும் மிகச் சிறிய அலகு அணு. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் பெயர் கிரேக்கத்தின் ‘அடோமோஸ்’ என்பதிலிருந்து வந்தது. ‘வெட்ட முடியாதது’ என்று பொருள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் லியூசிப்பசும் டெமாக்ரிட்டசும் கொண்ட கருத்து அது.

தமிழில் நாம் ஆளும் ‘அணு’ வடமொழி வழி வந்தது. அதன் பொருள் நுண்மை மட்டுமே, வெட்டுவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கம்பர் இரணியன் வதைப் படலத்தில் ‘அணுவினைச் சத கூறு இட்ட கோணினும் உளன்’ என்கிறார். அணுவை நூறாகக் கூறுபோட்டால் கிடைக்கும் ஒரு பங்கு ‘கோண்’. இதை அறிவியல் முன்னறிவிப்பாகக் கொண்டாடுவது தவறு, அவர் பேசியது இறைவனின் நுண்மையை. ஆனால் அணுவைப் பிளக்கலாகாது என்ற நிபந்தனை தமிழ் வழக்கில் இல்லை என்பதற்கு அது நல்ல சான்று. 1897-இல் அணுவுக்குள் அதைவிடச் சிறிய துகள் இருப்பது தெரிந்தபோது கிரேக்கப் பெயரின் பொருள் பொய்த்தது. தமிழ்ப் பெயருக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

வேலூர்ப் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. சித்தூர் 1911 வரை வடஆர்க்காட்டோடு இருந்த பகுதி. காட்பாடி, குடியாத்தம் பக்கம் தெலுங்கிலும் தமிழிலும் படித்தவர்கள் ஒரே வீட்டில் இருப்பார்கள். தெலுங்குப் பாடநூலில் ‘பரமாணுவு’தான் நமது அணு. அங்கே ‘அணுவு’ என்றால் நமது மூலக்கூறு. நீரின் ‘அணுவு’ என்று அவர்கள் சொன்னால் இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறு என்று கொள்ள வேண்டும்.

அணுவை ஊகத்திலிருந்து எடைக்குக் கொண்டுவந்தவர் ஆங்கில வேதியியலாளர் ஜான் டால்டன். 1808-இல் வெளிவந்த அவரது நூலின் வாதம் எளிது. 12 கிராம் கார்பன் ஒரு சேர்மத்தில் 16 கிராம் ஆக்சிஜனோடும், இன்னொன்றில் 32 கிராமோடும் சேர்கிறது. இடைப்பட்ட எடை வருவதில்லை. பொருள் எண்ணத்தக்க துண்டுகளால் ஆனதென்றால் மட்டுமே இந்த 1:2 விகிதம் விளங்கும். 1897-இல் ஜே.ஜே. தாம்சன் வெற்றிடக் குழாயில் மின்சாரம் பாயும்போது எழும் கேதோடு கதிர்களை ஆராய்ந்து, எதிர்மின்னேற்றம் கொண்ட எலக்ட்ரானைக் கண்டார். அதன் நிறை ஹைட்ரஜன் அணுவின் நிறையில் சுமார் 1/1836. நேர்மின்னேற்றம் அணு முழுதும் பரவியிருக்க, எலக்ட்ரான்கள் அதில் பதிந்திருக்கின்றன என்பது அவர் வரைந்த படம்.

அந்தப் படம் மான்செஸ்டரில் உடைந்தது. ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் கெய்கரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகட்டின் மேல், நேர்மின்னேற்றம் கொண்ட ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினர். இருட்டறையில் நுண்ணோக்கி வழியே துத்தநாக சல்பைடு திரையைப் பார்த்து, ஒவ்வொரு மினுக்கையும் கண்ணால் எண்ணினர். தாம்சன் சொன்னபடி மின்னேற்றம் பரவியிருந்தால் துகள் சற்றே விலகலாம், திரும்பி வரவே முடியாது. ஆனால் ஏறத்தாழ 8000-இல் ஒன்று பின்னோக்கித் திரும்பியது. 1911-இல் ரூதர்ஃபோர்டு கணக்கிட்டுச் சொன்ன விடை: நேர்மின்னேற்றமும் ஏறக்குறைய முழு நிறையும் நடுவில் ஒரு கருவில் குவிந்திருக்கின்றன. தங்க அணுவின் கருவை 2 மில்லிமீட்டர் கடுகாகக் கொண்டால் அணுவின் அகலம் சுமார் 40 மீட்டர்.

அதிலும் ஓட்டை இருந்தது. பழைய இயற்பியலின்படி, கருவைச் சுற்றும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து ஆற்றல் இழந்து, நொடியின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கிற்குள் கருவில் விழுந்துவிட வேண்டும். 1913-இல் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் சில குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளை மட்டும் அனுமதித்தார். ஒரு நிலையிலிருந்து கீழ்நிலைக்குத் தாவும்போது மட்டுமே ஒளி வரும். ஜவ்வாது மலையில் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி சேர்க்கும் விண்மீன் ஒளியைப் பிரித்தால், ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் கோடும் சோடியத்தின் 589.0, 589.6 கோடுகளும் நிலைகளுக்கு இடையே மேலும் கீழுமாக நிகழும் தாவல்களின் தடங்கள். போரின் கணக்கு ஹைட்ரஜனுக்குப் பொருந்தியது, இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்திலேயே தவறியது. 1926-இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு பாதையை நீக்கி நிகழ்தகவை வைத்தது. 1932-இல் சாட்விக், கருவில் உள்ள மின்னேற்றமற்ற துகளான நியூட்ரானைக் கண்டார். பள்ளிச் சுவர்களில் இன்றும் வட்டப் பாதைகளே வரையப்படுவது வருத்தம்.

கலைச்சொற்களில் அணுக்கரு செம்மையான ஆக்கம். நியூட்ரானுக்கு ‘நொதுமி’ மிக அழகு, ‘நொதுமல்’ என்ற பழஞ்சொல் எப்பக்கமும் சாராமையைக் குறிப்பது. எலக்ட்ரானை ‘மின்னணு’ என்பதை விட்டுவிட வேண்டும். அது அணு அன்று, அணுவின் உறுப்பு. இலங்கை வழக்கான ‘இலத்திரன்’ அல்லது ‘எதிர்மின்னி’ குழப்பம் தராது. மருத்துவமனைச் சீட்டின் ‘சிவப்பணு’வும் அணு அன்று, செல். அதன் அகலம் சுமார் 7.5 மைக்ரோமீட்டர், குறுக்கே ஹைட்ரஜன் அணுக்களை அடுக்கினால் எழுபதாயிரத்துக்கு மேல் பிடிக்கும். ‘அணுகுண்டு’, ‘அணு உலை’ இரண்டிலும் ஆற்றல் தருவது அணுக்கரு.

கரு வேறு, எலக்ட்ரான் வேறு என்பது தோல் தொழில் நகரான ராணிப்பேட்டையில் பாடநூல் செய்தி மட்டும் அன்று. தோல் பதனிடும் குரோமியம் மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருப்பது, தோலின் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பிணைக்கிறது. ஆறு இழந்த நிலையில் அதே குரோமியம் குரோமேட்டாகி, செல் உள்ளே ஏற்கும் சல்பேட்டைப் போன்ற வடிவத்தால் செல்லுக்குள் எளிதில் நுழைந்து புற்றுநோய்க்குக் காரணமாகிறது. இரண்டிலும் கருவில் 24 புரோட்டான்களே (நேர்மின் துகள்கள்). குரோமேட் கலந்த மண்ணில் நஞ்சை மாற்ற ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைச் சேர்ப்பது ஆறை மூன்றாக்கத்தான். அது எலக்ட்ரானை மட்டுமே திருப்பித் தருகிறது, குரோமியம் மண்ணிலேயே இருக்கும்.